அடித்தள ஆண்டு வீணான ஆண்டா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய கல்வி உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். புகழனைத்தும் அவனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.

 

கல்வியின் சிறப்பைப் பற்றி ஆண்டுதோறும் இந்த மேடையில் பேசுகிறோம். கேட்டு மகிழ்ந்து கலைந்து செல்கிறோம். இவ்வாண்டு சிறப்பைப் பேசப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். பள்ளியில் இயற்பியலும் கணிதமும் படிக்காமல் போன, அல்லது படித்தும் பிடிபடாமல் போன ஒரு பிள்ளை, பின்னர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க விரும்பினால் வழி உண்டா? வழி உண்டு. அதற்கு ஓராண்டு விலை கொடுக்க வேண்டும். அந்த ஓராண்டைத்தான் நம் மக்கள் ‘வீணாய்ப் போன வருஷம்’ என்கிறார்கள். அச்சொல் சரிதானா என்பதை இன்று ஆராய்வோம்.

‘அஸாஸ்’ என்னும் அடித்தளம்

மலேசியாவில் நம் உறவினர் பலர் வாழ்கின்றனர். அங்கே பள்ளிப் படிப்புக்கும் பட்டப் படிப்புக்கும் இடையே ஓராண்டுப் படிப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் ‘அசாசி’. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவர்களுக்கென ‘அசாசி’ மையமே தனியாக இயங்குகிறது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? ‘அஸாஸ்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அஸாஸ் என்றால் அடித்தளம், கட்டடத்தின் கடைக்கால்.

இங்கிலாந்திலும் இம்முறை பரவலாக உள்ளது. மான்செஸ்டர் உள்ளிட்ட பல பல்கலைக்கழகங்களில் இயற்பியல் பட்டத்தை ‘அடித்தள ஆண்டுடன்’ சேர்த்தே படிக்கலாம். பள்ளியில் வேறு பாடங்கள் எடுத்தவர் முதலாண்டில் கணிதத்தையும் அடிப்படை இயற்பியலையும் ஆய்வுக்கூடப் பயிற்சியையும் முடிக்கிறார். அதில் தேறினால் பட்டப் படிப்பின் முதலாண்டில் மற்ற மாணவர்களோடு சமமாக அமர்கிறார். அவரை ‘ஓராண்டு பின்தங்கியவர்’ என்று அங்கு எவரும் ஏளனம் செய்வதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. ஐ.ஐ.டி. நிறுவனங்களில் ‘ஆயத்தப் படிப்பு’ என்று ஓராண்டு உள்ளது. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுள் தேர்ச்சி மதிப்பெண்ணுக்குச் சற்றுக் கீழே நின்றவர்களுக்கு, இடம் காலியாக இருக்கும்போது, இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றை ஓராண்டு கற்பிக்கிறார்கள். அதில் தேறுபவர் மீண்டும் நுழைவுத் தேர்வு எழுதாமலேயே பட்டப் படிப்பில் சேருகிறார். நாட்டின் மிகக் கடினமான நுழைவாயிலில் நின்று கொண்டிருப்போரே, அடித்தளம் போதாதவனுக்குத் தகுதியே இல்லை என்று முடிவு கட்டவில்லை. அவனுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்க்கிறார்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டு முதல் ஆலிம் படிப்பை முடித்தவர்களுக்கென ஓராண்டு ‘இணைப்புப் படிப்பை’ நடத்தத் தொடங்கியது. ஆங்கிலமும் புதிய காலத்துப் பாடங்களும் கற்பிக்கப்பட்டு, அதன்பின் அவர்கள் பட்டப் படிப்புகளுக்குச் செல்ல முடிந்தது. அது முதன்மையாக மொழி, சமூகவியல், சட்டம் போன்ற துறைகளுக்கான பாலம். இயற்பியலுக்குச் செல்ல விரும்புவோர் கணிதத்தையும் அறிவியலையும் தனியே கற்றாக வேண்டும்.

நம் பெரியவர்கள் கடந்து வந்த பாலம்

இம்மஹல்லாவில் எழுபதை நெருங்கிய, எழுபதைக் கடந்த பெரியவர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் காலத்தில் ‘பி.யூ.சி.’ என்றொரு வகுப்பு இருந்தது நினைவிருக்கும். பதினோரு ஆண்டுப் பள்ளிப் படிப்பை முடித்தவர் நேராகப் பட்டப் படிப்புக்குள் நுழையவில்லை. கல்லூரி வளாகத்திலேயே ஓராண்டு புகுமுக வகுப்புப் படித்தார். அதற்கும் முன்னால் இரண்டாண்டு ‘இன்டர்மீடியட்’ இருந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளில் தொடங்கப்பட்டபோது பி.யூ.சி. மறைந்தது.

அந்தப் புகுமுக வகுப்பு என்ன செய்தது? கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் தமிழில் படித்து வந்த பிள்ளை, அங்கேதான் முதன்முதலாகப் பேராசிரியர் ஆங்கிலத்தில் பாடம் நடத்தக் கேட்டார். அங்கேதான் முறையான ஆய்வுக்கூடத்தைப் பார்த்தார். மிரண்டார், தடுமாறினார், பழகிக்கொண்டார். தடுமாறுவதற்கென்றே ஓராண்டு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று மேல்நிலை இரண்டாண்டுகள் அப்பணியைச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் பதினைந்து வயதில், பதினோராம் வகுப்பின் வாசலில் எடுக்கும் ‘குரூப்’ முடிவு, பிள்ளையின் பிற்காலக் கதவுகள் பலவற்றைச் சாத்திவிடுகிறது. அந்த வயதில் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் பிள்ளையும் அன்று. பேருந்து வசதியும் கட்டணமும் அண்டை வீட்டார் பேச்சும்தான்.

மேதகு ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அவர் வந்த படிகளைப் பார்ப்பதில்லை. இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்து, இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, 1950இல் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். அந்த அடித்தளத்தின் மேல்தான் அதே கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். அன்று நம் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 1985இல்தான் மாவட்டம் பிரிந்தது. அதே வறண்ட சீமையின் பிள்ளைதான் அவர்.

இன்னொன்றையும் அவர் தம் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இயற்பியல் பட்டத்தை முடித்த பிறகுதான் தம் நாட்டம் பொறியியல் என்பதை உணர்ந்தார். சென்னை தொழில்நுட்பக் கல்லூரியில் சேரக் கட்டணம் இல்லாதபோது, அவருடைய சகோதரி ஸொஹரா தம் தங்க நகைகளை அடகு வைத்து உதவினார். படிப்பின் பாதையில் திருப்பங்கள் இருக்கும் என்பதும், அத்திருப்பங்களில் குடும்பம் கைகொடுக்க வேண்டும் என்பதும் அவருடைய வாழ்வே நமக்குத் தரும் பாடங்கள்.

நமக்கு இது புதிதா?

மதரஸாவில் ஓதியவர்களைக் கேளுங்கள். முதலாம் ஆண்டு சேர்ந்த மாணவரிடம் எவரும் தஃப்ஸீர் நூலைக் கொடுப்பதில்லை. முதலில் ஸர்ஃபு, அதாவது சொல் எவ்வாறு பிறக்கிறது என்னும் இலக்கணம். அடுத்து நஹ்வு, அதாவது சொற்கள் வாக்கியத்தில் எவ்வாறு நிற்கின்றன என்னும் இலக்கணம். ஒரே வினைச்சொல்லின் வடிவங்களை நாட்கணக்கில் ஒப்பிக்க வேண்டும். உஸ்தாத் கேட்பார், பிழைத்தால் மறுபடி ஒப்பிக்க வேண்டும். இரண்டாண்டுகள் கடந்த பின்னரும் பெரிய கிதாபுகளைத் தொட முடியாது. அந்த ஆண்டுகளை எவரேனும் வீண் என்று சொன்னதுண்டா? அஸ்திவாரமின்றி ஓதியவர் பிற்காலத்தில் ஒரு வாக்கியத்தைப் பிழையாகப் படித்துச் சபையில் நாணுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இயற்பியலுக்கு ஸர்ஃபும் நஹ்வும் கணிதமே. இப்னுல் ஹைஸம் அவர்களின் பெயரை நம் கூட்டங்களில் பெருமையோடு சொல்கிறோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியைப் பற்றிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் பெருநூலை எழுதினார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவினார். ஆனால் அவர் யூக்ளிடின் வடிவகணிதத்துக்கு விளக்கம் எழுதியவர், தாலமியின் நூல்களைத் துருவி ஆராய்ந்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. பிறர் இட்ட அடித்தளத்தை முழுமையாகக் கற்ற பின்னரே அவர் தம் மாளிகையைக் கட்டினார். அவர் பெயரைச் சொல்வதில் பெருமை கொள்ளும் நாம், அவர் கற்ற வடிவகணிதத்தை நம் பிள்ளைகள் கற்க ஓராண்டு கொடுக்கத் தயங்குவது நியாயமா?

அந்த ஆண்டில் என்ன படிக்கிறார்கள்?

நம் கரிசல் காட்டுக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு கல்லைப் போடுகிறோம். இரண்டு விநாடியில் தண்ணீரில் விழும் சத்தம் கேட்கிறது. ஆழம் ஏறத்தாழ 64 அடி. இன்னொரு கிணற்றில் மூன்று விநாடி ஆகிறது. ஆழம் எவ்வளவு? 96 அடி என்று பலரும் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர் விகிதத்தை அறிவார், வர்க்கத்தை அறியார். விழும் பொருள் விநாடிக்கு விநாடி வேகம் கூடிக்கொண்டே செல்வதால், ஆழம் நேரத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்கிறது. சரியான விடை 144 அடி. இதில் சூத்திரத்தை மனப்பாடம் செய்பவர் தேர்வு எழுதலாம். வேகம் எவ்வாறு கூடுகிறது, கூடும் வேகத்திலிருந்து தொலைவை எவ்வாறு கணக்கிடுவது என்று புரிந்துகொள்பவருக்கே இயற்பியல் வசப்படும். அந்தப் புரிதலுக்குத்தான் நுண்கணிதம் என்ற பாடம் இருக்கிறது.

நம் பள்ளிவாசலையே பாருங்கள். அஸர் நேரத்தை நிழலைக் கொண்டு அறிகிறோம். நண்பகலில் எஞ்சும் நிழலைக் கழித்து, பொருளின் நிழல் அதன் நீளத்திற்குச் சமமாவது ஷாஃபிஈ மத்ஹபின் அளவு. இரு மடங்காவது ஹனஃபி மத்ஹபின் பிரபலமான அளவு. ஏப்ரல் மாதத்தின் நடுவிலும் ஆகஸ்ட் மாதத்தின் இறுதியிலும் நம் பகுதியில் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே விழாத நாட்கள் உண்டு. மற்ற நாட்களில் எவ்வளவு நிழல் எஞ்சும் என்பதை முக்கோணவியல் சொல்கிறது.

கிப்லாவும் அவ்வாறே. நம் ஊர் மக்காவுக்குக் கிழக்கே உள்ளது என்பதால் நேர் மேற்கு என்று பொதுவாகச் சொல்கிறோம். தட்டையான வரைபடத்தில் கோடு இழுத்தால் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்வு கிடைக்கும். பூமி உருண்டை என்பதைக் கணக்கில் கொண்டால் சுமார் 22 பாகை வரும். நான்கு பாகை வேறுபாடு எங்கிருந்து வந்தது? கோளத்தின் மீது மிகக் குறுகிய வழி தட்டைக் காகிதத்தின் நேர்கோடாக இருப்பதில்லை. ஆண்டுக்கு இருமுறை, மே 28ஆம் தேதியை ஒட்டி நம் நேரப்படி பிற்பகல் 2.48 மணி அளவிலும், ஜூலை 16ஆம் தேதியை ஒட்டி 2.57 மணி அளவிலும், சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்நேரத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், அதன் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. கருவி ஏதும் வேண்டியதில்லை. நம் மாணவர்கள் இதைச் செய்து பார்த்துக் கணக்கோடு ஒப்பிட்டால், அதுவே அடித்தள ஆண்டின் நல்லதொரு பாடம்.

ஆக, அந்த ஆண்டின் பாடங்கள் இவை: இயற்கணிதம், முக்கோணவியல், திசையன்கள், நுண்கணிதத்தின் தொடக்கம், இயக்கம், வெப்பம், ஒளி, மின்சாரம், அளப்பதும், அளவில் நேரும் பிழையைக் கணிப்பதும், இவற்றை எல்லாம் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொண்டு எழுதும் பழக்கம். ஒரு மீட்டர் நீள நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது போய் வர ஏறத்தாழ இரண்டு விநாடி ஆகும். இருபது முறை ஆடவிட்டு, நேரத்தை இருபதால் வகுக்க வேண்டும். ஏன் ஒரே முறை அளந்தால் போதாது? கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பதால். இந்த ஒரு சிறு பழக்கத்தை அறியாமல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

எவருக்கு எந்த வழி?

நம் கல்லூரிகளில் எல்லோருக்குமான அடித்தள ஆண்டு வழக்கத்தில் இல்லை. சில கல்லூரிகளில் முதலாண்டின் தொடக்கத்தில் சில நாட்கள் இணைப்பு வகுப்பு நடத்துகிறார்கள். அது நல்லது, ஆனால் போதாது. ஆகவே நம் பிள்ளைகள் அந்த ஆண்டைத் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அதற்குக் கிடைக்கும் முக்கியக் கருவி மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், அதாவது ‘என்.ஐ.ஓ.எஸ்.’. 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்–மே மாதங்களிலும் அக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் பொதுத்தேர்வு நடத்துகிறது.

முதல் வகையினர், வணிகவியல் அல்லது கலைப் பிரிவில் மேல்நிலை தேறியவர்கள். இவர்கள் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுள் தமக்கு வேண்டிய பாடங்களுக்கு மட்டும் என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிவு செய்து எழுதலாம். இயற்பியலுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. ஓராண்டில் முடிக்கக்கூடியது இவ்வகை. ஆனால் பணம் கட்டும் முன்பே, தாம் சேர விரும்பும் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் நேரில் சென்று, இந்தச் சான்றிதழ்களைச் சேர்த்து ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு, எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்பி ஓராண்டைச் செலவிடக் கூடாது.

இரண்டாம் வகையினர், ஹிஃப்ளு முடித்தவர்கள், மதரஸாவில் ஓதிக்கொண்டிருப்பவர்கள். பள்ளிச் சான்றிதழ் இல்லாத இவர்களுக்கு ஓராண்டு போதாது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறோம். முதலில் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு, பிறகு மேல்நிலைத் தேர்வு என இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் சுமக்கும் பிள்ளைக்கு நினைவாற்றலும் ஒழுங்கும் பயிற்சியால் வந்துள்ளன. கணிதம் மட்டும் புதிது. அதைத் தொடக்கத்திலிருந்தே, பின்னங்களிலிருந்தே, வெட்கப்படாமல் கற்க வேண்டும்.

மூன்றாம் வகையினர், அறிவியல் பிரிவில் தேறியும் பாடம் பிடிபடாதவர்கள். மனப்பாடத்தால் மதிப்பெண் வந்திருக்கும். கல்லூரியில் முதல் பருவத்திலேயே பாடங்கள் நிலுவையில் விழும். இவர்களுக்குத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரை உள்ள கோடை மாதங்களும், முதலாண்டு மாலை நேரங்களுமே அடித்தள ஆண்டு. இவர்கள்தான் எண்ணிக்கையில் மிகுதி. இவர்களைத்தான் எவரும் கவனிப்பதில்லை.

ஒரு தந்தையின் கேள்வி

சென்ற ஆண்டு மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில் ஒரு தந்தை தம் மகளுடன் நம்மிடம் வந்தார். மகள் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தார். அறிவியல் பிரிவுள்ள பள்ளிக்குச் செல்ல இரண்டு பேருந்து மாற வேண்டும், சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப இருட்டிவிடும் என்பதால் இரண்டாண்டுகளுக்கு முன் வீட்டார் அருகிலுள்ள பள்ளியில் சேர்த்துவிட்டனர். அந்தப் பெண்ணோ ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இயற்பியலைத் தவிர வேறெதையும் விரும்பவில்லை. ஓராண்டு வீட்டிலிருந்து படித்துக் கணிதமும் இயற்பியலும் எழுத விரும்பினார்.

தந்தை கேட்டார்: “ஹஜ்ரத், ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்தால் ஊரில் ஃபெயில் என்று பேசுவார்கள். நாளை சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?”

நாம் அவரிடம் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறோம். “உங்கள் மகள் தோற்கவில்லை. பள்ளிக்கூடம் தொலைவில் இருந்தது. அந்தத் தொலைவை இப்போது நடந்து கடக்கிறாள். கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நம்மிடம் கேட்டால் நாமும் இதையே சொல்வோம்.”

அந்தப் பெண் இப்போது அந்த ஆண்டின் நடுவில் இருக்கிறார். அதிகாலைத் தொழுகைக்குப் பின் கணிதம், பகலில் வீட்டு வேலைக்கு இடையே இயற்பியல், வாரத்தில் இரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் பாடம். முதல் இரண்டு மாதங்கள் திசையன் கணக்குகளைக் கண்டு அழுததாக அவருடைய தாயார் சொன்னார். இப்போது அழுவதில்லை, தவறான விடையை அடித்துவிட்டு மறுபடி போடுகிறார் என்றார். முடிவு என்னவாகும் என்பது அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் அந்தக் குடும்பம் ஊர்ப் பேச்சைத் தனியாகச் சுமக்கிறது. அச்சுமையைக் குறைப்பது இந்தச் சபையால் முடியும் காரியம்.

இயற்பியல் படித்தால் என்ன பயன்?

இக்கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. இளநிலைப் பட்டம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உடனே வேலை கிடைத்துவிடும் என்று எவருக்கும் ஆசை காட்டவில்லை. முதுநிலையும் கல்வியியல் பட்டமும் பெற்றவர் மேல்நிலைப் பள்ளி ஆசிரியராகலாம். முதுநிலை இயற்பியலுக்குப் பின் மருத்துவ இயற்பியல் பயிற்சி பெற்றவர், புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிக்குச் செலுத்தும் கதிர்வீச்சின் அளவைக் கணிக்கும் பொறுப்பை வகிக்கிறார். ஒரு கணக்கின் பிழை ஓர் உயிரைப் பாதிக்கும் பணி அது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளியும், வானிலை ஆய்வுத் துறையும், ஐ.ஐ.டி. முதுநிலைப் படிப்புக்கான ‘ஜாம்’ தேர்வும் இயற்பியல் பட்டதாரிகளுக்குத் திறந்துள்ள கதவுகள்.

நமக்கு அருகிலேயே கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியது. நம் தலைமுறைகள் சபித்துவந்த அதே வெயிலில் அங்கே மின்சாரம் விளைகிறது. அங்கே தகடுகளைத் துடைக்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் செல்வதில் இழிவில்லை; உழைப்பு எதுவும் இழிவன்று. ஆனால் அத்தகடு ஏன் வெப்பம் ஏற ஏறக் குறைவாக மின்சாரம் தருகிறது என்று அறிந்தவரும் நம்முள் இருக்க வேண்டாமா?

ஜமாஅத் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு முதல் கல்வியிலும் அரசு வேலையிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. ஒதுக்கீடு என்பது போடப்பட்ட நாற்காலி. அதில் அமர, கேட்கப்படும் பாடங்களைப் படித்திருக்க வேண்டும். நம் முன்னோர்கள் திருச்சியில் 1951இல் ஜமால் முகம்மது கல்லூரியையும், இளையான்குடியில் 1970இல் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியையும் கட்டி எழுப்பியது நம் பிள்ளைகளுக்குக் கதவு வேண்டும் என்பதற்காகவே. கதவு வரை பிள்ளையைக் கொண்டு சேர்ப்பது ஒவ்வொரு மஹல்லாவின் வேலை. ஆகவே நிர்வாகக் குழுவின் முன் பின்வரும் கோரிக்கைகளை வைக்கிறோம்.

ஒன்று: பள்ளிவாசலின் மாடி அறையை அஸர் முதல் இஷா வரை, தொழுகை நேரம் நீங்கலாக, படிப்பறையாகத் திறந்து வைக்க வேண்டும். மேசை, விளக்கு, மின்விசிறி, ஒரு கரும்பலகை போதும். பெண் பிள்ளைகளுக்கு மக்தப் கூடத்தில் காலை நேரம் ஒதுக்க வேண்டும்.

இரண்டு: கணிதமும் இயற்பியலும் கற்பிக்க வல்லவர்களை, எச்சமயத்தவராயினும், தகுந்த ஊதியம் கொடுத்து அழைக்க வேண்டும். இலவசமாக யாரேனும் வருவார்களா என்று தேடிக்கொண்டே ஆண்டைக் கழித்துவிடக் கூடாது.

மூன்று: அந்த ஓராண்டுக்கான தேர்வுக் கட்டணம், புத்தகம், பேருந்துச் செலவு ஆகியவற்றுக்குத் தனி நிதி வேண்டும். ஸகாத்துக்கு உரிய வறுமை நிலையில் உள்ள மாணவருக்கு, அவர் நிலையை விசாரித்து அறிந்த பின் ஸகாத்திலிருந்தும், மற்றவர்களுக்கு ஸதகாவிலிருந்தோ வட்டியில்லாக் கடனாகவோ வழங்கலாம். இரண்டின் கணக்கையும் கலக்காமல் தனித்தனியே எழுதி, அடுத்த ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். உதவி பெறும் பிள்ளையின் பெயர் மட்டும் எங்கும் வெளிவரக் கூடாது.

நான்கு: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்திலேயே பெற்றோரை அழைத்து, எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு சாத்தப்படும் என்று விளக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் அடித்தள ஆண்டே தேவைப்படாத பிள்ளைகள் பலர் இருப்பார்கள். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்களுக்கு 2022இலும் ஆண்களுக்கு 2024இலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் தொடங்கப்பட்டன. அவற்றின் தகுதி விதிகளையும் அப்போதே கேட்டறிந்து சொல்ல வேண்டும்.

இவற்றுக்கு மேலாக, எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. ஓராண்டு எடுத்துப் படிக்கும் பிள்ளையைக் கண்டால், “என்ன, சும்மா இருக்கிறாயா?” என்று கேட்காதீர்கள். “எந்தப் பாடத்தில் இருக்கிறாய்?” என்று கேளுங்கள்.

இறுதியாக

கட்டடம் கட்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கரிசல் மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலோட்டமாகக் கடைக்கால் போட்டவனின் சுவர் இரண்டாம் கோடையிலேயே விரிசல் விடும். ஆழமாகத் தோண்டிக் கெட்டித் தரை கண்டு, மணல் இட்டு, கல் பரப்பி எழுப்பியவனின் வீடு நிற்கும். தோண்டும் மாதங்களில் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அங்கே பள்ளம்தான் தெரியும். அதை எவரும் வீண் என்று சொல்வதில்லை. நம் பிள்ளைகளின் அடித்தள ஆண்டையும் அந்தக் கண்ணோடு பார்க்கும்படி உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.

பயனுள்ள கல்வியை நம் சந்ததிகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! அதற்காகச் செலவிடும் செல்வத்திலும் காலத்திலும் பரக்கத் செய்வானாக! ஓராண்டைப் பொறுமையோடு படிப்பில் கழிக்கும் பிள்ளைகளின் நெஞ்சை விரிவாக்கி, அவர்களின் பெற்றோர்களின் கண்கள் குளிரச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.